தர்மபுரில காய்ச்சலுக்கு ரத்தம் பாக்கணும்னா இந்த லேப் தான், காரணத்தோட சொல்றேன்

தர்மபுரி டவுன்ல லேப்புக்கு பஞ்சமே இல்ல, நான்கு ரோட்டுல இருந்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்து வந்தா ரெண்டு பக்கமும் போர்டு தான். நான் பாலக்கோடு பக்கம் மெடிக்கல் வெச்சிருக்கேன், மழை ஆரம்பிச்சா கார்த்திகை மார்கழி வரைக்கும் கடைக்கு வர்றவங்கள்ல பாதி பேரு காய்ச்சல் சீட்டோட தான் வருவாங்க. எங்க ரத்தம் பாக்கறதுன்னு கேட்டா இந்த லேப்ப தான் சொல்றேன். கமிஷன் எதுவும் கிடையாது, அத முதல்லயே சொல்லிடறேன். இங்க அனுப்பறதுக்கு ஒரே காரணம், இவங்க ரத்தத்த ஸ்லைடுல தடவி, மைக்ராஸ்கோப்ல கண்ணால பாத்து, பாத்தத ரிப்போர்ட்ல எழுதி குடுக்குறாங்க. கேட்டா எல்லாரும் ஆமா பாக்குறோம்னு தான் சொல்லுவாங்க, நெஜமா பாக்குற இடம் கம்மி.

இப்ப எல்லா லேப்புலயும் சிபிசி மெஷின் வந்துருச்சு. ரத்தத்த காட்டுனா ரெண்டு நிமிஷத்துல வெள்ளணு எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு, பிளேட்லெட் எவ்வளவுன்னு பிரிண்ட் வந்துரும். எண்ணறதுல மெஷின மிஞ்ச முடியாது, அதுல எனக்கு மாத்துக்கருத்து இல்ல. ஆனா எண்ணுன செல்லு பாக்க எப்படி இருக்கு, சிவப்பணுக்குள்ள மலேரியா பூச்சி உக்காந்திருக்கா, பிளேட்லெட் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு கட்டியா கிடக்கா, வெள்ளணுல பிஞ்சு செல்லு எதாவது வெளிய வந்திருக்கா, இதெல்லாம் ஸ்லைடு போட்டு பாத்தா தான் உறுதியா தெரியும். மெஷின் சந்தேகம் வந்தா நம்பருக்கு பக்கத்துல ஒரு ஃபிளாக் போடும், அவ்வளவு தான், அத பாத்துட்டு யாராவது எழுந்து போயி ஸ்லைடு போட்டா தான் உண்டு. பல எடத்துல அந்த ஃபிளாக் யாரு கண்ணுலயும் படாம அப்படியே கவர்ல போயிடுது, கடைக்கு வர்ற ரிப்போர்ட்டுல நானே பாக்குறேன்.

இங்க இருக்கற டெக்னீஷியன் அக்கா ஸ்லைடு போடறத நின்னு பாத்திருக்கேன், அத சொல்லியே ஆகணும். ஊதா மூடி டியூப்ல ரத்தம் எடுத்த கையோட ஒரு சின்ன சொட்ட ஸ்லைடு ஓரத்துல வெக்கிறாங்க, இன்னொரு ஸ்லைட சாய்ச்சு புடிச்சு அந்த சொட்ட தொட்டு, ரத்தம் விளிம்பு பூரா பரவுற வரைக்கும் ஒரு நொடி நிறுத்தி, அப்புறம் கை நடுங்காம ஒரே தள்ளு. நுனி மெலிஞ்சு வாலு மாதிரி முடியணும், அங்க தான் செல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம தனித்தனியா கிடக்கும். சரியா வரலன்னா தூக்கி போட்டுட்டு வேற ஸ்லைடு எடுக்குறாங்க, அத வெச்சே சமாளிக்கறதில்ல. காய வெச்சு லீஷ்மன் ஸ்டெயின்னு செல்லுக்கு நிறம் ஏத்தற சாயத்த ஊத்தி, பஃபர் விட்டு, கழுவி, திரும்ப காய வெச்சு, ஒரு சொட்டு ஆயில் விட்டு 100 லென்ஸ்ல பாக்கணும். இத்தனைக்கும் நேரம் ஆகும், அதனால தான் மத்தவங்க பண்றதில்ல.

மலேரியா சந்தேகம்னா இதே ஸ்லைடோட கூட தடியா ஒரு தடவல் போடுவாங்க. சொட்ட காசு அளவுக்கு வட்டமா பரப்பி காய வெக்கிறது, அடியில பேப்பர வெச்சா எழுத்து மங்கலா படிக்கிற மாதிரி தெரியணும், அது தான் சரியான தடிமன்னு அந்த அக்கா சொன்னாங்க. இத மெத்தனால்ல ஃபிக்ஸ் பண்ண மாட்டாங்க, அதனால ஸ்டெயின் போடும்போதே சிவப்பணு உடைஞ்சு நிறமெல்லாம் போயிடும், மிஞ்சறது வெள்ளணுவும் பிளேட்லெட்டும், பூச்சி இருந்தா பூச்சியும் தான். ரொம்ப கம்மியா இருந்தாலும் தடி தடவல்ல மாட்டிக்கும், என்ன வகைன்னு அடையாளம் சொல்றது மெலிசு தடவல். ரெண்டும் வேணும். இங்க ரெண்டும் போடுறாங்க, நெகட்டிவ்னு எழுதறதுக்கு முன்னாடி ஆயில் லென்ஸ்ல கொறஞ்சது 100 ஃபீல்டாவது (ஒரு தடவைக்கு லென்ஸ்ல தெரியற வட்டம் ஒரு ஃபீல்டு) பாக்கணும்னு ரூல் வெச்சிருக்காங்க. ரெண்டு மூணு ஃபீல்ட பாத்துட்டு எம்பி (மலேரியா பூச்சி) நெகட்டிவ்னு அடிச்சு குடுக்கற வேல இங்க இல்ல.

நம்ம ஊருல மலேரியா எங்க இருக்குன்னு நிறைய பேரு நினைக்கிறாங்க. பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் இருந்து எத்தன பசங்க போர்வெல் போடற வண்டிக்கு வேலைக்கு போறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், சத்தீஸ்கர் ஒடிசா ஜார்கண்ட்னு மாசக்கணக்குல காட்டுலயும் மேட்டுலயும் வண்டிக்கு கீழயே தூங்கிட்டு வர்றாங்க. என் சித்தப்பா பையன் அப்படி சத்தீஸ்கர் போயிட்டு வந்தவன், வந்த பிறகு குளிரு உதறி காய்ச்சல் ஏறும், வேர்த்து கொட்டி இறங்கும், அடுத்த நாள் நல்லா இருப்பான், அதுக்கு மறுநாள் திரும்ப உதறும். வேற ஒரு எடத்துல காட்டி வைரல் ஃபீவர்னு மாத்திரை வாங்கி தின்னுட்டு இருந்தான். இங்க கூட்டிட்டு வந்தப்ப ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடியே அந்த அக்கா கேட்ட முதல் கேள்வி, "தம்பி வெளியூரு எங்கயாவது போயிட்டு வந்தியா?" அந்த ஒரு கேள்விக்கே இவங்களுக்கு அஞ்சு ஸ்டார் குடுக்கலாம்.

முதல் ஸ்லைடுல ஒண்ணும் தெரியல, உடனே முடிவு சொல்ற மலேரியா கார்டு டெஸ்ட்டும் நெகட்டிவ். வேற எடமா இருந்தா அதோட அனுப்பி இருப்பாங்க. இவங்க, ஒரு தடவ நெகட்டிவ் வந்துட்டா மலேரியா இல்லன்னு அர்த்தம் இல்ல, பூச்சி ரத்தத்துல கம்மியா இருக்கற நேரமா இருக்கலாம், 12ல இருந்து 24 மணி நேரத்துக்குள்ள திரும்ப வந்து எடுங்க, உதறும்போதே வந்தாலும் சரி, உதறட்டும்னு காத்துட்டு இருக்க வேண்டாம்னு சொல்லி அனுப்புனாங்க. மறுபடி எடுத்ததுல மாட்டிக்கிச்சு, வைவாக்ஸ்ங்கற மலேரியா வகை. என்னையும் கூப்பிட்டு காட்டுனாங்க. சுத்தி இருக்கற சிவப்பணுவ விட அந்த ஒரு செல்லு மட்டும் ஊதி பெருசா இருக்கு, உள்ள நீல கலர்ல ஒழுங்கில்லாம பரவுன உருவம், அதுல சிவப்பா ஒரு புள்ளி, செல்லு பூரா பொடிப்பொடியா இளஞ்சிவப்பு புள்ளிங்க. அந்த பொடிக்கு ஷூஃப்னர் டாட்ஸ்னு பேராம். இன்னொரு வகையான ஃபால்சிபாரமா இருந்தா செல்லு ஊதாது, மெலிசான வளையமா இருக்கும், ஒரே செல்லுல ரெண்டு மூணு கூட கிடக்கும், சில ஸ்லைடுல வாழைப்பழம் கணக்கா வளைஞ்ச உருவமும் தெரியும்னு சொன்னாங்க. 1880ல லாவெரான்னு ஒரு பிரெஞ்சு ராணுவ டாக்டர் அல்ஜீரியால ஒரு நோயாளியோட ரத்தத்த மைக்ராஸ்கோப்ல பாத்து தான் இந்த பூச்சியவே கண்டுபுடிச்சாரு, கொசு வழியா பரவுதுங்கறதுக்கு ரொனால்ட் ராஸ் நம்ம செகந்திராபாத்துல 1897ல கொசு வயித்துக்குள்ள பூச்சிய பாத்து பெரிய ஆதாரம் குடுத்தாரு. இவ்வளவு வருஷம் ஆகியும் மலேரியாவுக்கு ஸ்லைடு தான் இன்னும் பெரிய சாட்சி.

வகை தெரியறது எதுக்குன்னா மருந்தே மாறும். வைவாக்ஸ்னா குளோரோகுயின் 3 நாள், கூட பிரிமாக்குயின் 14 நாள், ஏன்னா அந்த பூச்சி ஈரல்ல ஒளிஞ்சிருந்து மாசம் கழிச்சு திரும்ப கிளம்பும். காய்ச்சல் நின்னதும் மாத்திரைய பாதில விட்டுடறவங்க தான் ஜாஸ்தி, மெடிக்கல்ல இருந்துட்டு நான் தொண்டை வலிக்க சொல்றது இது தான், 14 நாளும் போடுங்க. ஜி6பிடி (சிவப்பணுவ காக்கற ஒரு என்சைம்) குறைபாடு இருக்கறவங்க, கர்ப்பிணிங்க, கைக்குழந்தைங்க இவங்களுக்கு பிரிமாக்குயின் கூடாது, அதனால டாக்டர் சீட்டு இல்லாம எங்கயும் வாங்காதீங்க. ஃபால்சிபாரம்னா ஆர்டிசுனேட் சேர்ந்த கூட்டு மருந்து, அது ஒரு நாள் தள்ளுனாலும் மூளை கிட்னின்னு போற ஆபத்து இருக்கு. இன்னொரு விஷயம், சில வகை கார்டு டெஸ்ட்டு, மருந்து சாப்பிட்டு பூச்சி செத்த பிறகும் வாரக்கணக்குல பாசிட்டிவ் காட்டும், குணமாச்சான்னு பாக்கறதுக்கு ஸ்லைடு தான் சரி. இவங்க சுகாதாரத்துறைக்கு தகவலும் குடுத்துட்டாங்க, ஹெல்த் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து சித்தப்பா வீட்டுல எல்லாருக்கும் ரத்தத் தடவல் எடுத்தாரு. காசு இல்லாதவங்க கவலப்பட வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்துல மலேரியா தடவல் இலவசம்.

அடுத்தது டெங்கு, பிளேட்லெட்டு. இதுல தான் ஜனங்க ரொம்ப பயந்து ரொம்ப செலவு பண்றாங்க. எங்க அத்தை காரிமங்கலம், லேசா காய்ச்சல்னு அங்க பக்கத்துல ஒரு எடத்துல ரத்தம் பாத்தாங்க, பிளேட்லெட் 42 ஆயிரம்னு வந்துருச்சு. உடனே சேலம் கூட்டிட்டு போங்க, பிளேட்லெட் ஏத்தணும்னு சொல்லி வீடே அழுகை. அத்தைக்கு ஒரு ரத்தக்கசிவு இல்ல, உடம்புல ஒரு சிவப்பு புள்ளி இல்ல, உக்காந்து களி சாப்பிடறாங்க. நான் தான், போற வழியில ஒரு தடவ இங்க ஸ்லைடு பாத்துட்டு போலாம்னு இறக்குனேன். பாத்தா வாலு பக்கம் பூரா பிளேட்லெட் கொத்து கொத்தா ஒட்டிக்கிட்டு கிடக்கு. ஊதா மூடி டியூப்ல இருக்கற மருந்து சிலரோட ரத்தத்துல பிளேட்லெட்ட ஒட்ட வெச்சிடும், அந்த கட்டிங்கள மெஷின் பிளேட்லெட்னு எண்ணாது, அதனால பொய்யா கம்மி காட்டும். நீல மூடி சிட்ரேட் டியூப்ல திரும்ப எடுத்து, அந்த டியூப்ல இருக்கற மருந்துத் தண்ணி சேர்றதால வர்ற நம்பர 1.1ஆல பெருக்கி பாத்தாங்க, 1 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல. அந்த ஸ்லைடுக்கு வாங்குனது 150 ரூபா. சேலம் போற வண்டிக்கே அத விட எத்தனையோ மடங்கு ஆயிருக்கும், அத விடுங்க, அந்த வயசுல தேவையில்லாம பிளேட்லெட் ஏத்தறதுல இருக்கற ரிஸ்க்க யோசிங்க. ரத்தக்கசிவு இல்லாத டெங்கு நோயாளிக்கே 10 ஆயிரத்துக்கு கீழ போனா தான் பொதுவா ஏத்தறத பத்தி யோசிப்பாங்க.

கட்டி இல்லாத ஸ்லைடுல ஆயில் ஃபீல்டு ஒண்ணுக்கு சராசரியா எத்தன பிளேட்லெட் இருக்குன்னு எண்ணி 15 ஆயிரத்தால பெருக்குனா ஏறக்குறைய கணக்கு வந்துரும், 10 இருந்தா ஒன்றரை லட்சம். மெஷின் நம்பரும் இதுவும் ஒத்துப்போகுதான்னு இவங்க சரி பாத்துட்டு தான் கையெழுத்து போடுறாங்க. பெரிய சைஸ் பிளேட்லெட்ட மெஷின் சிவப்பணுன்னு நினைச்சு விட்டுடறதும் உண்டு, அதுவும் இதுல புடிபடும். நெஜ டெங்குன்னா ஸ்லைடுல வேற குறி இருக்கும், வெள்ளணு மொத்தமா இறங்கி இருக்கும், லிம்ஃபோசைட்டுங்கற வெள்ளணு பெருசாகி ஓரம் நல்ல நீலமா பக்கத்து சிவப்பணுவ அணைச்சுக்கிட்டு இருக்கும், ரியாக்டிவ் லிம்ஃபோசைட்னு எழுதுவாங்க. அத பாத்த உடனே டெங்குன்னு முடிவு இல்ல, வேற வைரஸ்லயும் அப்படி வரும், முதல் 5 நாளுக்குள்ளன்னா என்எஸ்1, அப்புறம்னா ஐஜிஎம்னு டெங்குக்கு இருக்கற ரத்த டெஸ்ட் எடுத்து தான் உறுதி பண்ணணும். அதையும் ரிப்போர்ட்ல எழுதுறாங்க, டாக்டர் பாத்து முடிவு பண்ணட்டும்னு. ஆனா வயித்து வலி, விடாத வாந்தி, ரத்தக்கசிவு, சோர்ந்து தூங்கிட்டே இருக்கறது, இதுல எது இருந்தாலும் லேப்புக்கு வராம நேரா ஆஸ்பத்திரிக்கு போங்க. அதுவும் காய்ச்சல் விட்ட பிறகு வர்ற ரெண்டு நாள் தான் டெங்குல ஆபத்தான நேரம், காய்ச்சல் விட்டுருச்சுன்னு அசால்ட்டா இருக்காதீங்க.

பாக்டீரியா இன்ஃபெக்‌ஷன்னா நியூட்ரோஃபில்ங்கற வெள்ளணு ஏறும், பிஞ்சு பேண்ட் செல்லு வெளிய வரும், செல்லுக்குள்ள கருத்த பொடி தெரியும், டாக்ஸிக் கிரானுலேஷன்னு எழுதி இருப்பாங்க. அப்படி எழுதி வந்தா டாக்டர் சீக்கிரம் முழிச்சுக்குவாரு. டைஃபாய்டு தான் பெரிய கூத்து, விடால்னு ஒரு ரத்த டெஸ்ட்ட ஒரே ஒரு தடவ பாத்து 1க்கு 80 இருக்குன்னு கடைக்கு வந்து ஆன்டிபயாடிக் குடுங்கன்னு நிப்பாங்க. நம்ம ஊருல ஏற்கனவே வந்து போனவங்களுக்கும் வேற காய்ச்சலுக்கும் கூட விடால் ஏறும், ஒத்த விடால வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஸ்லைடுலயும் டைஃபாய்ட உறுதி பண்ண முடியாது, அதுக்கு மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்துல இருக்கற கிருமிய வளத்து பாக்கற டெஸ்ட், எடுக்கணும். இந்த லேப்புல விடால் கேட்டா, கல்ச்சர் எடுக்கலாமான்னு டாக்டர கேட்டுட்டு வாங்கன்னு சொல்றாங்க, வர்ற வருமானத்த விட்டுட்டு. எனக்கு இவங்க மேல மரியாதை வந்ததே அங்க தான்.

ஸ்லைடுல தெரியாதது நிறைய இருக்கு, அதையும் இவங்க மறைக்கறதில்ல. உண்ணிக் காய்ச்சல், அதான் ஸ்க்ரப் டைஃபஸ், அந்த கிருமி சாதாரண ஸ்லைடுல கண்ணுக்கு தெரியாது. நம்ம பக்கம் சித்தேரி மலை, வத்தல்மலை, தேன்கனிக்கோட்டை காட்டோரம் ஆடு மாடு மேய்க்கறவங்களுக்கும் விறகுக்கு போறவங்களுக்கும் வர வாய்ப்பு இருக்கு, குளிர் மாசத்துல ஜாஸ்தி. ஸ்லைடு சுத்தமா இருக்கு, காய்ச்சல் மட்டும் ஒரு வாரமா நிக்கலன்னா, அக்குளு, இடுப்பு, தொடை இடுக்கு, மார்புக்கு அடியில கருப்பு பொருக்கு ஒண்ணு இருக்கான்னு பாருங்க, சிகரெட்டால சுட்ட தழும்பு கணக்கா இருக்கும், வலிக்காது, அதனால யாரும் கவனிக்க மாட்டாங்க. இருந்தா உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க, டாக்ஸிசைக்ளின்ல நல்லா கேக்கும், விட்டா நுரையீரல் வரைக்கும் போகும். எலிக்காய்ச்சலும் அப்படி தான், ஸ்லைடுல வராது. ராத்திரி யானைக்கால் பூச்சி பாக்கற கதை வேற, அதுக்கு ரத்தமே ராத்திரி தான் எடுக்கணும்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லணும். கடைக்கு வர்ற ஒரு அம்மாவோட பையனுக்கு காய்ச்சலு, ஈறுல ரத்தம், ஊரெல்லாம் டெங்குன்னு சொல்லிட்டு இருந்தாங்க. இங்க ஸ்லைடுல பிளாஸ்ட் செல்லு (ரத்தப் புற்றுநோயா இருக்கலாம்னு காட்டுற பிஞ்சு செல்லு) தெரிஞ்சு, ரிப்போர்ட் வாங்க வர்ற வரைக்கும் கூட காத்திருக்காம பேத்தாலஜி டாக்டரே அன்னிக்கு சாயங்காலம் சீட்டு எழுதுன டாக்டருக்கு போன் பண்ணிட்டாரு. பெரிய ஆஸ்பத்திரில வைத்தியம் நடந்துட்டு இருக்கு, பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சுட்டான்னு அந்த அம்மா போன வாரம் வந்து சொன்னாங்க.

இனி குறை. உக்கார எடம் பத்தாது, காலையில சுகர் டெஸ்ட் கூட்டமும் காய்ச்சல் கூட்டமும் ஒண்ணா நெருக்கும், காய்ச்சல்காரங்களுக்கு தனி டோக்கன் போட்டா நல்லா இருக்கும், நேர்லயே சொல்லி இருக்கேன். பேத்தாலஜி டாக்டர் சாயங்காலம் தான் வர்றாரு, அதனால காலைல குடுத்தா மலேரியா முடிவு மதியத்துக்குள்ள வந்தாலும் முழு ஸ்மியர் (ஸ்லைடு தடவல்) ரிப்போர்ட் இருட்டுன பிறகு தான் கைக்கு வரும், அரூர் ஊத்தங்கரை பக்கம் இருந்து வர்றவங்களுக்கு இது கஷ்டம். வாட்ஸ்அப்ல அனுப்பற ரிப்போர்ட் போட்டோ மங்கலா இருக்கு, பிடிஎஃப் கேட்டு வாங்குங்க. ஞாயித்துக்கிழமை மதியத்தோட மூடிடறாங்க. கவுன்டர்ல இருக்கற பொண்ணு சிபிசியா, காய்ச்சல் பேக்கேஜான்னு மட்டும் தான் கேக்கும், ஸ்மியர்னு நம்ம வாயால சொன்னா தான் போடும், இது மாறணும்.

பழைய தர்மபுரி மாவட்டம் பூரா, 2004ல தனியா போன கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணம் ராயக்கோட்டைல இருந்து கூட இங்க வர்றாங்க. தூரத்துல இருந்து வர்றவங்க ஊருல ரத்தம் எடுத்து டியூப்ப பஸ்ல குடுத்து அனுப்பாதீங்க, மணிக்கணக்கா டியூப்ல கிடந்தா செல்லு உருமாறி, மலேரியா பூச்சியும் உருவம் மாறி அடையாளம் தெரியாம போயிடும், இவங்களும் அந்த ரத்தத்துல ஸ்லைடு போட மாட்டாங்க. நேர்ல வாங்க, இல்லன்னா எடுக்கற எடத்துலயே ஸ்லைடு போட்டு காய வெச்சு அத அனுப்ப சொல்லுங்க. மலேரியா மாத்திரைய குத்துமதிப்பா முன்னாடியே முழுங்கிட்டு வராதீங்க, பூச்சி குறைஞ்சு ஸ்லைடுல தப்பிச்சிடும். பழைய ரிப்போர்ட்டு, எந்த ஊருக்கு போயிட்டு வந்தீங்க, காய்ச்சல் என்னிக்கு ஆரம்பிச்சுது, என்ன மாத்திரை போட்டீங்க, இத ஒரு பேப்பர்ல எழுதி டெக்னீஷியன் அக்காகிட்ட குடுத்துருங்க. கவுன்டர்ல "சிபிசியோட பெரிஃபெரல் ஸ்மியர், வெளியூரு போயிட்டு வந்தா எம்பி தடியும் மெலிசும்"னு சொல்லுங்க, அவங்களுக்கு புரியும். வண்டிய எதிர்ப்பக்க சந்துல விடுங்க, லேப் வாசல்ல விட்டா டிராஃபிக் போலீஸ் எடுத்துட்டு போயிடறாங்க.